லைப்ரரி இருந்தும் ‘இல்லை’ என்கிறதே: சி கம்பைல் அனுபவங்கள்

சி மொழி நிரல் ஒன்றுக்குள் லுவா 5.4 என்ற நிரல்மொழியைப் பொருத்த வேண்டியிருந்தது. டெபியன் லினக்ஸ் கணினி, லுவா ஏற்கெனவே அதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பைல் செய்தால் (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றினால்) மட்டும் ‘லுவா.எச்’ கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது. லுவாவை ஓட்ட ஒரு பேக்கேஜ், அதைச் சி நிரலில் சேர்க்க இன்னொரு பேக்கேஜ் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘லுவா.எச்’ போன்ற ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன செயற்கூறுகள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை) ‘டெவ்’ என்று முடிகிற பேக்கேஜில்தான் வரும், ஃபெடோரா லினக்ஸில் ‘டெவல்’.

அதை நிறுவிய பிறகும் அதே பிழை! ஹெடர்கள் போய்ச் சேர்ந்தது ‘லுவா5.4’ என்ற துணை அடைவுக்குள். கம்பைலர் தானாக அங்கே தேடாது. பாதையைக் காட்டியதும், நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் முரண்டு பிடித்தது. வெறும் ‘லுவா’ என்று கேட்டால் அது ‘லிப்லுவா.எஸ்ஓ’ அல்லது ‘லிப்லுவா.ஏ’ என்ற கோப்பைத் தேடும். டெபியனில் இருப்பதோ ‘லிப்லுவா5.4.எஸ்ஓ’. இரண்டு சிக்கலையும் தீர்த்தது, நிறுவிய லைப்ரரிகளின் விவரம் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி: ஹெடர் பாதை, லைப்ரரிப் பெயர் இரண்டையும் ஒரே வரியில் தந்துவிட்டது. இந்தப் பெயர்களை ஊகித்து எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில்:
எனக்கு லைப்ரரி கிடைத்தது, அதிலுள்ள ஒரு செயற்கூறுகூடக் கிடைக்கவில்லை! ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (கேட்ட பெயருக்கு வரையறை இல்லை) என்று திரை நிறையப் பிழைகள். கட்டளையில் லைப்ரரியின் பெயர் முன்னால் இருந்தது, ‘மெயின்.சி’ பின்னால் இருந்தது. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. அந்தக் கட்டத்தில் யாரும் கேட்காததை அது எடுத்து வைத்துக்கொள்வதில்லை. இடத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. நிரல் ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் ‘டிஎல்ஓபன்’ மட்டும் காணவில்லை என்றால் ‘டிஎல்’ லைப்ரரியைச் சேருங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில், 2021-இல் வந்த 2.34 பதிப்பு முதல், அது உள்ளேயே இருக்கிறது. பழைய கணினிகளில்தான் இந்தத் தொல்லை.

பதில்:
பைதானைச் சி நிரலுக்குள் வைப்பவர்கள் 3.8 பதிப்பைக் கவனியுங்கள். அதுவரை, பைதானுக்கான கம்பைல் விவரங்களைச் சொல்லும் ‘பைதான்3-கான்ஃபிக்’ கருவி தரும் லிங்கர் வரியில் பைதான் லைப்ரரியும் இருக்கும். 3.8 முதல் ‘எம்பெட்’ என்ற தெரிவைச் சேர்த்துக் கேட்டால்தான் அது வரும். எங்கள் பழைய மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் பைதானைத் தொடங்கும் ‘பை_இனிஷியலைஸ்’ கிடைக்கவில்லை என்று நின்றது. பைதானுக்குள் ஏற்றப்படும் நீட்சி மாட்யூல்களுக்கு அந்த லைப்ரரி தேவையில்லை என்பதால் செய்த மாற்றம் அது. காரணம் நியாயமானதுதான், பிழைச்செய்தியில் அதற்கான தடயமே இல்லை என்பதுதான் வருத்தம்.

பதில்:
பிழை காட்டி நிற்பதாவது நல்லது. மூல நிரலிலிருந்து பைதானைக் கட்டியபோது எல்லாம் வெற்றி என்றே முடிந்தது. பிறகு, பைதானிலிருந்து சி லைப்ரரிகளை அழைக்க உதவும் ‘சிடைப்ஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்தால் இல்லை என்கிறது. அதற்குத் தேவையான லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியின் ஹெடர்கள் இல்லாததால் அந்த மாட்யூலை விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறது. விட்டுப்போனவற்றின் பட்டியல், கட்டும் கட்டளையான ‘மேக்’ தரும் வெளியீட்டின் கடைசிப் பகுதியில் வரும். நிறுவுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.