எஸ்.எச்.2 டொமைன் பெப்டைடில் பைண்ட் ஆகவே இல்லை, அவசரம்

கோதை_லேப்:
கிரப்2 புரதத்தின் எஸ்.எச்.2 டொமைன் (பாஸ்பேட் ஏறிய டைரோசினை, அதாவது பாஸ்போடைரோசினைப் பிடிக்கும் பகுதி), ஜி.எஸ்.டி. என்ற துணைப் புரதம் சேர்த்தது. பயோட்டின் ஒட்டிய பெப்டைடை (சிறு புரதத் துண்டு) பீட்ஸில் ஏற்றி, டொமைன் அதில் ஒட்டி வருகிறதா என்று புல்-டவுன் செய்தால் ஜெல்லில் பட்டையே இல்லை. வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங். யாராவது சொல்லுங்களேன்.

மாறன்:
பெப்டைடு எது? பஃபர், உப்பு? ஒன்றுமே சொல்லவில்லையே.

புரதப்பித்தன்:
பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் வேலைதான், சந்தேகமே வேண்டாம். லைசேட்டில் (உடைத்த செல் கரைசலில்) அதைத் தடுக்கும் வெனடேட் போட்டீர்களா? பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருந்தால் அது வெனடேட்டைப் பிடித்துக்கொள்ளும், போட்டும் வீண்.

கோதை_லேப்:
லைசேட் இல்லை, சுத்தம் செய்த புரதம். 150 மில்லிமோலார் உப்பு. ஷெக் புரதத்திலிருந்து எடுக்கும் வழக்கமான பெப்டைடுதான்.

மூத்தவன்:
அடிப்படையே படிக்காமல் பீட்ஸை எடுத்துவிடுகிறார்கள். பாஸ்போடைரோசினின் பாஸ்பேட்டைப் பள்ளத்தின் அடியில் பிடிப்பது ஒரு ஆர்ஜினின். கிரப்2-வில் அது 86ஆம் இடம். அதை லைசினாக மாற்றினாலே பிடிப்பு போய்விடும். அடுத்து, டைரோசினுக்கு இரண்டு இடம் தள்ளி அஸ்பரஜின் வேண்டும். 121ஆம் டிரிப்டோபன் வழியை மறிப்பதால் பெப்டைடு அங்கே வளைந்துதான் உட்காரும். குளோனில் இந்த இடங்கள் மாறியிருக்கிறதா என்று சீக்வென்ஸ் பார்த்தாயா தம்பி?

மாறன்:
தம்பி இல்லை, கோதை. ஜி.எஸ்.டி. இருமமாக (இரண்டிரண்டாக) சேரும். பீட்ஸில் பிடிப்பு கூடுதலாகத்தான் தெரியும். அப்படியும் ஒன்றும் வரவில்லை என்பதுதான் உதைக்கிறது.

புரதப்பித்தன்:
அந்த இருமத்தை நம்பி எத்தனை பேப்பர்! 1995இல் லாட்பரி குழு வெப்ப அளவியலில் பார்த்தபோது பிடிப்பு வலிமைக்குச் சொன்ன பழைய நானோமோலார் கணக்கெல்லாம் வீக்கம் என்று தெரிந்தது.

மாறன்:
புல்-டவுனில் யார் கே.டி. (பிடிப்பு வலிமையின் அளவு) அளந்தார்கள்? ஆம், இல்லை, அவ்வளவுதானே கேள்வி.

நிலா_பயோ:
பெப்டைடில் பாஸ்பேட் இருக்கிறதா? மாஸ் ஸ்பெக்கில் 80 டால்டன் கூடியிருக்க வேண்டும்.

கோதை_லேப்:
பாஸ்போ பெப்டைடு விலை அதிகம் அக்கா. டைரோசினுக்குப் பதில் குளுட்டமேட் போட்டு வாங்கினோம். பாஸ்போடைரோசினுக்கு மிமிக்தானே (போலிதானே)?

நிலா_பயோ:
அங்கேதான் சிக்கல். குளுட்டமேட்டுக்கு வளையம் இல்லை, நீளம் போதாது, ஆர்ஜினினை எட்டாது. எதிர்மின்னேற்றமும் ஒன்றுதான், பாஸ்பேட்டில் ஏறக்குறைய இரண்டு. பாஸ்போசெரினையே எஸ்.எச்.2 சேர்ப்பதில்லை, அதுவும் குட்டைதான். நிஜ பாஸ்போ பெப்டைடு வாங்கு. பாஸ்பேட் இல்லாத டைரோசின் பெப்டைடையும் கன்ட்ரோலுக்கு வை.

புரதப்பித்தன்:
எங்கள் லேபில் செரினுக்கு ஆஸ்பார்ட்டேட் போட்டு அருமையாக வேலை செய்தது.

மூத்தவன்:
எதில்? கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) ஆக்டிவேஷன் லூப்பிலா? அங்கே சில சமயம் நடக்கும். பாஸ்போசெரினைப் பிடிக்கும் 14-3-3 புரதம் அந்த மிமிக்கைப் பெரும்பாலும் சீண்டவே சீண்டாது.

கோதை_லேப்:
சரி அக்கா, ஆர்டர் போட்டாச்சு. நன்றி.

புரதப்பித்தன்:
14-3-3 பற்றி யார் பேசினது?