மனசு விட்டுப் பேச வர்றவங்களுக்கு எப்படிக் காது கொடுக்கறது?

கயல்:
நெருங்கினவங்க ஒரு கஷ்டத்தைச் சொல்ல வந்தா யோசனை சொல்றோம், "உனக்குப் புரியாது"ன்னு எழுந்து போயிடறாங்க. சும்மா இருந்தா "கேக்கறியா இல்லையா?"ன்னு சண்டை. 'அன்பா கேளு'ன்னு பொதுவா சொல்லாம, எப்போ என்ன பேசணும்னு யாராவது சொல்லுங்களேன்.

பொறுமைசாலி:
முதல்ல இடைவெளியைக் கவனிங்க. சாதாரணப் பேச்சுல ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்க ஏறக்குறைய 200 மில்லி செகண்டுதான் ஆகுது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009ல வந்த ஆய்வு இது. ஒரு பதிலை மனசுக்குள்ள தயார் பண்ண அதைவிட அதிக நேரம் வேணும். அப்படின்னா அவங்க பேசிட்டிருக்கும்போதே நாம பதிலைக் கோத்துக்கிட்டு இருக்கோம். அவங்க கடைசியா சொன்னது நம்ம காதுல ஏறியிருக்காது. பெரும்பாலும் முக்கியமானது அதுலதான் இருக்கும்.

அதனால அவங்க நிறுத்தினதும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அவங்களே தொடர வாய்ப்பு அதிகம். தொடரலேன்னா "ம்... அப்புறம்?" போதும். "ஏன் அப்படிச் செஞ்சே?" மட்டும் வேண்டாம். அதைக் கேட்டதும் நடந்ததை விட்டுட்டுத் தன் பக்க நியாயத்தைப் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

யோசனை உங்க நாக்கு நுனியில நிக்கும், தெரியும். அவங்க முழுசா கொட்டி முடிச்சப்புறம் "கேட்டா போதுமா, சேர்ந்து யோசிக்கலாமா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. எடுத்த எடுப்புலயே இதைக் கேட்டா ஃபார்ம் நீட்டற மாதிரி இருக்கும்.

தென்றல்:
'சொன்னதைத் திருப்பிச் சொல்லு'ங்கற யோசனையும் வரும், உஷார். கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1957லயே இந்த மாதிரி கேக்கறதைப் பத்தி எழுதினாங்க. ஆனா வார்த்தையை விட அதுக்குள்ள இருக்கற உணர்ச்சிக்குப் பதில் கொடுங்கன்னுதான் சொன்னாங்க. "மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினார்"னா, "ஓ, கத்தினாரா?"ங்கறது எரிச்சல். "எல்லார் முன்னாடியும்ங்கறதுதான் வலிக்குதோ?"ன்னு கேளுங்க. ஊகம் தப்பானாலும் பரவாயில்ல, "அது இல்ல, பதில் பேசாம நின்னேனே, அதான்"னு அவங்களே திருத்துவாங்க. பேச்சு அங்கதான் ஆழமாகும்.

இன்னொண்ணு: அவங்க துணையைத் திட்டினா நீங்களும் சேர்ந்து திட்டாதீங்க. நாளைக்கு அவங்க ராசியாகிடுவாங்க. நீங்க சொன்னது மட்டும் நிக்கும். அடுத்த சண்டைக்கு உங்ககிட்ட வர மாட்டாங்க.

கயல்:
நன்றி. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் சொல்வேன்"னு கேட்டா?

பொறுமைசாலி:
விஷயம் தெரியாம சத்தியம் பண்ணாதீங்க. "யாரோட உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் உதவி தேடுவேன். மத்தபடி என்னைத் தாண்டாது"ன்னு சொல்லிடுங்க. அப்படிச் சொன்னா, வீட்டுல வேற யார்கிட்டயும் 'அக்கறையில' கூடச் சொல்லக் கூடாது.

"இருந்து என்ன பிரயோஜனம்"னு ஜாடையா பேசினா, "தற்கொலை பத்தி யோசிக்கறியா?"ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படறோம். ஆய்வுகள்ல அப்படித் தெரியல. ஆமான்னா தனியா விடாதீங்க. மாத்திரை, பூச்சிமருந்து மாதிரி கைக்கு எட்டறதை அப்புறப்படுத்துங்க. அன்னைக்கே டாக்டரையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ தொடர்பு கொள்ளுங்க.

தென்றல்:
கேக்கத் தெம்பில்லாத நாள்ல அரைக்காதா கேக்க வேண்டாம். "இப்போ முடியல, ராத்திரி 9 மணிக்குப் பேசலாமா?"ன்னு நேரம் சொல்லுங்க. 9 மணிக்குப் பேச்சை நீங்கதான் எடுக்கணும். அவங்களா ரெண்டாவது தடவை வர மாட்டாங்க.