புதுப்பிப்பு: காஃப்கா (கம்ப்யூட்டருங்களுக்கு இடையில தகவல் கொண்டுபோற சாஃப்ட்வேர்) 4.0க்கு மாத்தினதும் கொழுந்து நிறுவை (எடை கணக்கு) வராம நின்ன பிரச்சின தீந்துச்சு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போன கிழம கேட்டிருந்தேனே, ஹட்டன் பக்கம் எங்க தேயிலை ஃபேக்டரியில காஃப்கா சர்வர 3.7ல இருந்து 4.0க்கு ஏத்தினதும் தராசு கம்ப்யூட்டர் கனெக்ட் ஆகி உடனே அறுந்திடுது, கொழுந்து நிறுவை ஒண்ணும் வரலன்னு. கிளையன்ட் (தராசு கம்ப்யூட்டர்ல இருந்து சர்வருக்கு அனுப்புற காஃப்கா சாஃப்ட்வேர்) வெர்ஷன பாருங்கன்னு சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. தராசு கம்ப்யூட்டர்ல பழைய 0.10.2 கிளையன்ட் கிடந்துச்சு, 4.0 சர்வருக்கு கிளையன்ட் 2.1 இல்லாட்டி அதுக்கு மேல இருக்கணும்.

மெட்டாடேட்டா வெர்ஷன (சர்வர் தன்னோட உள் விவரங்கள வச்சுக்கிற வடிவத்தோட வெர்ஷன், அத தனியா ஏத்தணும்) ஏத்தாததால 3.7க்கே திரும்ப முடிஞ்சது, மொத கிளையன்ட மாத்திட்டு அப்புறம் சர்வர ஏத்தினேன், இப்ப காலை நிறுவை, அந்தி நிறுவை எல்லாம் ஒழுங்கா வருது.

எதிர்பாக்காதது: 4.0 கிளையன்ட்டுக்கு ஜாவா 11 வேணும், தராசுல ஜாவா 8தான், அதனால 3.7 கிளையன்ட்தான் போட்டேன், அது 4.0 சர்வரோட நல்லா பேசுது. சர்வருக்கு ஜாவா 17, மறந்துடாதீங்க.