கலைச்சொல் தேவை: ஆறு ஒரேயடியாகத் தடம் மாறுவதற்கு

அனுப்புநர்: ச. (கோவை)
திங்கள், காலை

அன்புள்ள குழுவினருக்கு,

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான புவியியல் துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். வண்டல், கழிமுகம், வெள்ளச் சமவெளி எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. குருட்டு ஆறு பாடநூலிலேயே இருக்கிறது. ‘அவல்ஷன்’ (avulsion) என்ற, லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆறு வளைந்து வளைந்து ஒரு கரையை அரித்து மறுகரையில் மணலைச் சேர்த்து மெல்ல நகர்வது வேறு. இது ஒரே தாவல். தான் சுமந்துவந்த மணலையும் வண்டலையும் தன் தடத்திலேயே போட்டுப் போட்டு, சுற்றியுள்ள வயலைவிட உயரமாகிவிடுகிறது ஆறு. பிறகு ஏதோ ஒரு வெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த பக்கம் இறங்கி, பழைய தடத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது.

பாடத்தில் இரண்டு எடுத்துக்காட்டு. சீனத்தின் மஞ்சளாறு, ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் விழுந்துகொண்டிருந்தது, 1855இல் வடக்கே போய் விழுந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று கோசி ஆறு நேபாளத்தின் குசஹாவில் கரையை உடைத்து, நூறாண்டுக்கு மேல் கைவிட்டிருந்த பழைய வழியில் பீகாருக்குள் இறங்கியது.

இப்போதைக்கு ‘ஆற்றுப் பெயர்ச்சி’ என்று போட்டிருக்கிறேன். சனிப் பெயர்ச்சி, குருப் பெயர்ச்சி வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டதா, பரிகாரம் உண்டா என்று மகள் கேட்கிறாள். உதவுங்கள்.

அனுப்புநர்: புலவர் வே. (திருவையாறு)
திங்கள், பிற்பகல்

அம்மா,

தாங்கள் தேடும் சொல் தங்கள் கையிலேயே இருக்கிறது. ‘அவல்ஷன்’ என்பதன் முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள். ‘அவலா கொன்றோ மிசையா கொன்றோ’ என்று ஔவை பாடவில்லையா? அவல் என்றால் பள்ளம், மிசை என்றால் மேடு. மேடாகிப்போன ஆறு பள்ளம் நோக்கி ஏகுகிறது. அவல் + ஏகல் = அவலேகல். பொருளும் ஒலியும் ஒருசேர அமைந்த சொல் இனி எத்தனை நூற்றாண்டு காத்திருந்தாலும் கிடைக்காது.

லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு என்று நான் சொல்ல வரவில்லை. அதை வேறு இழையில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரின் ஐந்து ஆறுகளில் வெட்டாறு என்ற பெயரே நிலத்தை வெட்டிச் சென்ற ஆறு என்று பேசுகிறது. குடமுருட்டி குடத்தை உருட்டியது. பக்கத்தில் ஓடும் அரிசிலாற்றில் ‘அரி’ என்ற வேர் தெரிகிறதல்லவா? கரையை அரித்த ஆறு. அரிசில்கிழாரின் ஊரும்…

அனுப்புநர்: இ. (சென்னை)
திங்கள், இரவு

> அரிசில்கிழாரின் ஊரும்…

ஐயா, மன்னிக்கணும். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கெடு. பேசாமல் ‘அவல்ஷன்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் என்ன? டெல்டாவை டெல்டா என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்? நாகப்பட்டினம் விவசாயி ‘டெல்டா பாசனம்’ என்கிறார், யாரும் ‘கழிமுகப் பாசனம்’ என்பதில்லை. மாணவன் நாளைக்கு மேல்படிப்புக்குப் போனால் அந்தச் சொல்லைத்தான் பார்க்கப்போகிறான்.

அனுப்புநர்: மருத்துவர் கு. (சேலம்)
செவ்வாய், காலை

எங்கள் துறையிலும் இதே சொல் உண்டு. அடிபட்டுப் பல் வேரோடு பிடுங்கி வந்துவிட்டாலும், எலும்பின் நுனியைத் தசைநாண் பிய்த்துக்கொண்டு வந்தாலும் அதுதான் பெயர். நாங்கள் ‘பிய்வு’ என்று எழுதுகிறோம். ஆற்றுக்குப் பொருந்துமா தெரியவில்லை. ஒலிபெயர்த்தால் மட்டும் பல் வைத்தியமும் புவியியலும் ஒரே தேடலில் வந்து நிற்கும்.

அனுப்புநர்: பொ. (திருச்சி)
செவ்வாய், பகல்

நான் பொதுப்பணித்துறையில் ஆற்றுப் பாதுகாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சொல் உருவாக்க வேண்டிய தேவையே இல்லை. ‘உடைப்பு’ என்ற சொல் இருக்கிறது. ‘ஆறு உடைப்பெடுத்துக்கிச்சு’ என்றால் தஞ்சை மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ள நாளில் லயன்கரையில் (வெள்ளத்தைத் தடுக்கும் ஆற்றங்கரை) இரவெல்லாம் லாந்தரோடு நடப்போம். கரை எப்போதும் மேலிருந்துதான் உடையும் என்றில்லை. வெளிச்சரிவில் எலி வங்கு, நண்டு வளை ஏதாவது ஒன்றில் முதலில் ஒரு ஊற்று தெரியும். தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். லஸ்கர் (கரையைக் காக்கும் பணியாளர்) சத்தம் கொடுப்பார், மூங்கில் முட்டும் கீற்றும் மணல் மூட்டையும் வரும். கால் மணி நேரம் தாமதித்தால் வண்டி போகிற அகலத்துக்குப் பிளந்துவிடும்.

இன்னொன்று. கோசியில் 2008இல் வந்தது பெருவெள்ளம் அல்ல. அந்தக் கரை தாங்க வேண்டிய அளவில் சிறு பகுதிதான் அன்று ஓடியது. கரை கட்டிக் கட்டி, எக்கலெல்லாம் (வண்டல்) உள்ளேயே தங்கி, ஆற்றின் தரை ஏறிவிட்டது. காரணம் தண்ணீர் அல்ல, மண். பாடத்தில் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

இதற்குப் பீகார் வரை போக வேண்டாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்கு வாருங்கள். கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழி, சரிவும் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காவிரியின் வாய் மண்மேடாகி, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் காவிரி ஒரு வாய்க்காலாகச் சுருங்கியிருக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836–38இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைப் போட்டுத்தான் அதை நிறுத்தினார். அப்புறம் காவிரிப் பக்கம் தண்ணீர் மிஞ்சிப்போய் அரிக்க ஆரம்பித்து அங்கேயும் ஒரு தடுப்பு போட்டது தனிக்கதை. மிசிசிப்பி இதேபோல தன் கிளையான அட்சஃபலாயா பக்கம் சாயப் பார்த்தபோது அமெரிக்கர்கள் கதவணை போட்டு முடித்தது 1963இல். நம்மூரில் 125 ஆண்டு முன்னாலேயே முடிந்த வேலை. அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின.

அனுப்புநர்: தே. (மதுரை, வழக்கறிஞர்)
செவ்வாய், இரவு

> ‘உடைப்பு’ என்ற சொல் இருக்கிறது.

பொறியாளர் ஐயா சொல்வது சுவையாக இருக்கிறது, ஆனால் உடைப்பு வேறு, இது வேறு. உடைப்பை அடைத்துவிட்டால் ஆறு பழையபடி போகும். ச. அவர்கள் கேட்பது அடைக்க முடியாமல், அல்லது அடைக்காமல், ஆறு அங்கேயே தங்கிவிடும் நிலை. உடைப்பு தொடக்கம் மட்டுமே.

இந்தச் சொல்லே சட்டத்திலிருந்து வந்ததுதான். ரோமானியச் சட்டத்தில், ஆறு என் நிலத்தைத் துளித்துளியாக அரித்து உங்கள் பக்கம் சேர்த்தால் சேர்ந்தது உங்களுக்கு. ஒரே வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போனால் எல்லை மாறாது. அமெரிக்க–மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆறு 1864 வெள்ளத்தில் இடம் மாறியபோது, எல் பாசோவுக்கும் ஹுவாரெஸுக்கும் நடுவே சமிசால் என்ற துண்டு நிலம் யாருக்கு என்று அமெரிக்காவும் மெக்சிகோவும் மோதின. மெல்ல நகர்ந்ததா, திடீரென்று தாவியதா என்பதுதான் வழக்கே. 1911இல் நடுவர் தீர்ப்பு வந்தது, அமெரிக்கா ஏற்கவில்லை. 1963 ஒப்பந்தத்தில்தான் முடிந்தது. ஆகவே ‘திடீர்’ என்ற பொருள் சொல்லுக்குள் வந்தே ஆக வேண்டும். ‘தடந்தாவல்’ என் பரிந்துரை.

அனுப்புநர்: ந. (மூதூர்)
புதன், காலை

வணக்கம். தாவல் என்றால் எனக்குக் குரங்குதான் வருகிறது.

இலங்கையில் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழுகிற ஊர் எங்களுடையது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தெற்கே போகிறது. ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு ‘ஆறு மாறிப்போட்டுது’ என்றால் போதும். ‘ஆறு’ என்றாலே வழிதானே? ஆற்றுப்படை வழிப்படுத்துவதுதான். ஆறு ஆறு மாறுகிறது என்று இரட்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆறுமாறல்’ என்று வைத்தால் என்ன?

வேறொரு விசயம். ச. அக்கா அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ‘படிவுப் பாறை’ என்று இருக்கிறது. நாங்கள் அடையற் பாறை என்று படித்தோம். ஆற்றில் வந்து அடைவது அடையல். இந்தப் பாடம் இங்கேயும் வருமென்றால் ஓரிடத்திலாவது அதையும் போடுங்கள்.

அனுப்புநர்: பொ. (திருச்சி)
புதன், பகல்

அடையல் நல்ல சொல், ஆதரிக்கிறேன். அப்படியே ‘ஆற்றுப் படுகை’ என்று புத்தகங்களில் ஆற்றின் அடித்தரையைக் குறிப்பதையும் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் வாழை போடுகிற நிலம். ‘ஆற்றுப் படுகை உயர்ந்தது’ என்று எழுதினால் வாழைத்தோப்பு வளர்ந்துவிட்டது என்றுதான் என் அண்ணன் படிப்பார்.

அனுப்புநர்: இ. (சென்னை)
புதன், இரவு

‘ஆறுமாறல்’ என்றால் பசங்க ஆறுமாறா எழுதி ஏழுமாறா படிப்பாங்க. ‘தடமாற்றம்’ போதுமே. எல்லாருக்கும் புரியும்.

அனுப்புநர்: புலவர் வே. (திருவையாறு)
புதன், நள்ளிரவு

> ‘தடமாற்றம்’ போதுமே.

போதாது. மாற்றம் என்பது மாறு, மாற்று இரண்டிலிருந்தும் வரும். ஆறு தானே மாறியதா, பொதுப்பணித்துறை மாற்றியதா? தன்வினை என்றால் ‘தடமாறல்’ என்றாவது சொல்லுங்கள். மேலும் ‘தட என் கிளவி கோட்டமும் செய்யும்’ என்கிறது தொல்காப்பியம். கோட்டம் வளைவு. ஆகத் ‘தடமாறல்’ வளைவு மாறல் ஆகி, ச. அவர்கள் எதை வேறு என்றார்களோ அதையே குறித்துவிடும்.

‘அவலேகல்’ பற்றி இன்னும் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை என்பதையும் பணிவுடன் சுட்டுகிறேன்.

அனுப்புநர்: தே. (மதுரை, வழக்கறிஞர்)
வியாழன், காலை

ஐயா, தொல்காப்பியர் சொன்னது தட என்னும் உரிச்சொல்லை. இங்கே இருப்பது தடம் என்னும் பெயர்ச்சொல். இது தங்களுக்குத் தெரியாததல்ல.

‘அவலேகல்’ பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். ஔவையின் அவலை இன்று யாரும் பள்ளமாகப் படிப்பதில்லை. ஒன்று சிற்றுண்டி, இல்லையென்றால் அவலம். வெள்ளத்தில் வீடிழந்தவரைப் பற்றிய பாடத்தில் இரண்டுமே சங்கடம்.

அனுப்புநர்: ந. (மூதூர்)
வியாழன், பகல்

‘தடமாறல்’ எனக்குச் சம்மதம். ‘தடம் மாறிப்போன பெடியன்’ என்று பேச்சில் வருவது மட்டும்தான் உறுத்துகிறது. ஆனால் ஆறும் அப்படித்தானே போகிறது. வீட்டில் எவ்வளவு உயரத்துக்குக் கரை கட்டினாலும்.

அனுப்புநர்: ச. (கோவை)
வெள்ளி, மாலை 4.40

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துத் தடமாறல் ஐந்து, தடந்தாவல் ஒன்று, உடைப்பு ஒன்று, அவலேகல் ஒன்று. ‘தடமாறல்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். திடீர்த்தன்மை சொல்லில் வரவில்லை என்று தே. ஐயா வருந்த வேண்டாம், வரையறையில் ‘ஒரே வெள்ளத்தில்’ என்று சேர்த்திருக்கிறேன். பொ. ஐயாவுக்காகப் படத்தின் கீழே ‘உடைப்பெடுத்த இடம்’ என்று இருக்கிறது. ‘படுகை’ வந்த ஏழு இடத்திலும் ‘ஆற்றுத்தரை’ என்று மாற்றிவிட்டேன். பாறையைப் பற்றிய பத்தியில் அடையலும் வந்துவிட்டது.

மகள் இன்னும் பெயர்ச்சிதான் நன்றாக இருந்தது என்கிறாள்.

அனுப்புநர்: பொ. (திருச்சி)
வெள்ளி, இரவு

சரி. ஆனால் நாளைக்கு ஒரு வெள்ளம் வந்து, கரையில் நின்று ‘தடமாறல், தடமாறல்’ என்று கத்தினால் ஒருத்தரும் மண்வெட்டியை எடுக்கமாட்டார்கள்.

அனுப்புநர்: புலவர் வே. (திருவையாறு)
ஞாயிறு, காலை

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன். நேற்று மாலை காவிரிக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே லஸ்கர் வந்தார். இருபது ஆண்டாக அந்தக் கரையைக் காப்பவர். ‘அவல் என்றால் என்ன, தெரியுமா?’ என்று கேட்டேன். ‘கெட்டி அவலா சார், மெல்லிசா?’ என்றார்.

விளக்கினேன். கேட்டுவிட்டு, எதிர்க்கரையில் மூங்கில் புதருக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த வயலைக் காட்டி, ‘அப்ப அதான் சார் அவலு. இங்க உடைச்சா நேரா அங்கதான் போகும்’ என்றார்.

என் வாக்கு அவலேகலுக்கே. பதிவுசெய்துகொள்ளவும்.