எலிவேட்டர் கியர்பாக்ஸில் ‘டொக் டொக்’ சத்தம், ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றும் இல்லை: ஓட்டலாமா?

மன்னை மில்:
மன்னார்குடிப் பக்கம் அரிசி மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிகிறது. பெல்ட்டில் பக்கெட் கட்டி நெல்லை டிரையருக்கு ஏற்றும் எலிவேட்டர் நின்றால் களத்தில் கிடக்கிற நெல் முளைத்துவிடும். அதன் கியர்பாக்ஸில்தான் இப்போது ‘டொக் டொக்’ சத்தம். மோட்டார் 1440 ஆர்பிஎம். இரண்டு ஸ்டேஜ் ஹெலிகல்: 17க்கு 85 பல், அப்புறம் 15க்கு 90. கடைசி ஷாஃப்ட் 48 ஆர்பிஎம். அதிர்வு அளக்கும் வாடகை அனலைசரில் வெலாசிட்டி 2.3 மிமீ/வினாடிதான். ஸ்பெக்ட்ரத்தில், அதாவது அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்த படத்தில், 24 ஹெர்ட்ஸும் (மோட்டார் சுற்று) 408 ஹெர்ட்ஸும் (17 பல் கடிப்பது) சின்னதாக நிற்கின்றன. டைம் வேவ்ஃபார்ம் (நேரத்தோடு அதிர்வு ஏறி இறங்கும் அலை) 800 லைன், 2000 ஹெர்ட்ஸில் எடுத்தேன், ஒன்றும் புரியவில்லை. மீட்டர் கொடுத்தவர் ‘ஓட்டுங்க’ என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குடந்தை ஃபிட்டர்:
தம்பி, உங்கள் காது சொல்வதுதான் சரி. ஒரு பல் உடைந்திருந்தால் அடி விழுவது சில மில்லிசெகண்ட்தான். அந்தச் சின்ன அடியின் சக்தி ஸ்பெக்ட்ரத்தில் பல ஹார்மானிக்ஸாக, அதாவது மடங்கு அதிர்வெண்களாக, சிதறிவிடும், எதுவும் தலைதூக்காது. ஆவரேஜ் போட்டால் இன்னும் அமுங்கும். வெலாசிட்டியில் பார்த்தால் கூர்மையும் போய்விடும். அதனால் ஆக்சிலரேஷனில், ஜி அளவில், ஆவரேஜ் இல்லாமல் எடுங்க. சில மீட்டரில் ஹானிங் விண்டோ (அலையின் இரு ஓரத்தையும் அமுக்கும் கணக்கு) போட்ட அலையையே காட்டும், அதை அணைத்துவிடுங்க.

புரியாததற்குக் காரணம் நேரம். 800 லைனை 2000 ஹெர்ட்ஸால் வகுத்தால் பதிவாகும் நேரம் 0.4 செகண்ட். உங்கள் கடைசி ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றவே 1.25 செகண்ட் ஆகும்! நடு ஷாஃப்டுக்கு 288 ஆர்பிஎம், சுற்றுக்கு 0.208 செகண்ட், அதுவே உங்கள் படத்தில் இரண்டு சுற்று முழுசாக விழாது. 2000 ஹெர்ட்ஸைக் குறைக்காதீங்க, குறைத்தால் அடியின் கூர் தெரியாது. லைனை 12800க்கு ஏற்றுங்க. 6.4 செகண்ட் கிடைக்கும், கடைசி ஷாஃப்ட் ஐந்து சுற்று வரும். சென்சரைத் தகட்டு மூடியில் வைக்காமல் பேரிங் ஹவுசிங்கில் வையுங்க.

பிறகு அடிக்கு அடி இடைவெளியைக் கர்சரால் அளங்க. 1.25 என்றால் 90 பல் கியர். 0.21 என்றால் நடு ஷாஃப்ட். 0.042 என்றால் மோட்டார் பக்கம். அலையின் உச்சியை ஆர்எம்எஸ்ஸால் (அலையின் ஒருவகைச் சராசரி அளவு) வகுத்தும் பாருங்க. சைன் அலைக்கு 1.41 வரும், 4ஐத் தாண்டினால் அடி விழுகிறது என்று அர்த்தம்.

ஆரூர் பெல்ட்:
எங்கள் மில்லில் இதே சத்தம் வந்தது. பக்கெட் போல்ட் தளர்ந்து எலிவேட்டரின் கீழ்ப்பக்கம் உரசியது. கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் பக்கெட்டைப் பாருங்கள்.

குடந்தை ஃபிட்டர்:
நல்ல யோசனை, அதையும் நேரத்தை வைத்தே பிரித்துவிடலாம். தம்பி, மேலே பெல்ட்டை இழுக்கும் ஹெட் புல்லி விட்டம் என்ன? பக்கெட்டுக்குப் பக்கெட் எவ்வளவு?

மன்னை மில்:
புல்லி 600 மிமீ. பக்கெட் இடைவெளி 250 மிமீ. பெல்ட் மொத்தம் 33 மீட்டர்.

குடந்தை ஃபிட்டர்:
அப்படியானால், புல்லி கடைசி ஷாஃப்டின் 48 ஆர்பிஎம்மில் சுற்றுவதால், பெல்ட் வினாடிக்கு 1.5 மீட்டர் ஓடுகிறது. எல்லா பக்கெட்டும் உரசினால் 0.166 செகண்டுக்கு ஒரு அடி. ஒரே பக்கெட் என்றால் 22 செகண்டுக்கு ஒன்று. 0.166ஐயும் 0.208ஐயும் காதால் பிரிக்க முடியாது, கர்சரால் முடியும். வெறும் எலிவேட்டராக ஓட்டியும் ஒரு அலை எடுங்க. பல் அடி லோடு இறங்கினால் குறையும். பக்கெட் உரசல் அப்படியே நிற்கும்.

மன்னை மில்:
எடுத்துவிட்டேன் அண்ணே. நெல்லோடு 0.208 இடைவெளியில் வரிசையாக ஊசி ஊசியாக நிற்கிறது, உச்சி-ஆர்எம்எஸ் விகிதம் 6க்கு மேல். வெறுமனே ஓட்டினால் பாதிக்கும் கீழே இறங்குகிறது. 85 பல் கியரா, 15 பல் பினியனா (சின்ன கியர்)?

குடந்தை ஃபிட்டர்:
இரண்டும் ஒரே ஷாஃப்டில் இருப்பதால் இடைவெளியை வைத்துச் சொல்ல முடியாது, திறந்துதான் பார்க்கணும். பேரிங்காக இருந்தால் சுற்றுக்கு ஒன்று என்று இவ்வளவு கச்சிதமாக வராது. திறக்கும் முன் எலிவேட்டரைக் காலி செய்யுங்க. பக்கெட்டில் நெல் இருந்தால் பின்னோக்கி உருளும், கை போய்விடும். மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்க.

மன்னை மில்:
15 பினியனில் ஒரு பல்லின் ஓரம் உடைந்திருக்கிறது. எண்ணெயில் துண்டும் கிடைத்தது. புது பினியன் ஷாஃப்ட் வர நாளாகும், நெல் காத்திருக்காது. என்ன செய்ய?

குடந்தை ஃபிட்டர்:
எண்ணெயை முழுசாக இறக்கி, துண்டு ஒன்றுகூட விடாமல் காந்தத்தால் துழாவி எடுங்க. அது பல்லுக்கு நடுவில் மாட்டினால் 90 கியரும் போகும். ஷாஃப்ட் வரும்வரை ஃபீடைப் பாதியாக்குங்க. ஷிஃப்டுக்கு ஒரு தடவை அதே இடத்தில், அதே லோடில் அலை எடுங்க. உச்சி ஏறினாலோ, ஊசிக்குப் பக்கத்தில் இன்னொரு ஊசி முளைத்தாலோ அடுத்த பல்லும் போகிறது, உடனே நிறுத்திவிடுங்க. முதலாளி கேட்டால் இந்த இரண்டு படத்தையும் முன்னால் வையுங்க. நெல்லை வேறு மில்லுக்கு அனுப்புவது கியர்பாக்ஸ் முழுசும் போவதைவிட மலிவு.

ஆரூர் பெல்ட்:
பாய்லர் புகையை இழுக்கும் ஐடி ஃபேனுக்கும் இதே செட்டிங் போதுமா அண்ணே?

குடந்தை ஃபிட்டர்:
அங்கே ஸ்பெக்ட்ரமே பேசும். உமிச்சாம்பல் பிளேடில் ஏறினால் சுற்றுவேகத்தில் ஒரே கோடு உயரும், அலையும் கிட்டத்தட்ட சுத்தமான சைனாக இருக்கும். முதலில் பிளேடைச் சுரண்டுங்க. அதற்குப் பிறகும் அலையின் ஒரு பக்கம் வெட்டினதுபோல் தட்டையாக இருந்தால் எங்கோ உரசுகிறது, அல்லது பெடஸ்டல் போல்ட் தளர்ந்திருக்கிறது. அப்போது படத்தைப் போடுங்க, பார்க்கலாம்.