ஹன்ஸ்லெட்டின் நாலு கோப்பை: பட்டியலில் முதலிடம் யார் என்று யாராவது சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
பக்கத்துத் திரியில் நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: 1907-08இல் ஹன்ஸ்லெட் அணி நாலு கோப்பையையும் (சாம்பியன்ஷிப், சேலஞ்ச் கோப்பை, தன் மாவட்டமான கவுண்டியின் கோப்பை, கவுண்டி லீக்) தூக்கியதாம், இங்கிலாந்து ரக்பி லீகில் அதைவிட மகத்தான சீசன் இல்லையாம், இதில் மறுபேச்சே கிடையாதாம். மறுபேச்சு கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ஐயா, அந்த சீசனில் லீக் பட்டியலில் முதலிடம் ஓல்டாம். ஹன்ஸ்லெட் இரண்டாவது. நாலு கோப்பையும் வென்றவை மொத்தமே மூன்று அணிகள். ஹன்ஸ்லெட், அப்புறம் 1914-15இல் ஹடர்ஸ்ஃபீல்ட், அப்புறம் 1927-28இல் ஸ்விண்டன். பின்னால் வந்த இரண்டும் பட்டியலிலும் முதலில் முடித்தவை. ஹன்ஸ்லெட் மட்டும்தான் இரண்டாவதாக வந்து பட்டம் வாங்கியது. இதைச் சொல்லாமல் விட்டது மறதியா, வேறு எதுவுமா?

பார்க்சைடு_பையன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், எனக்குப் பழக்கம்தான்.

பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அப்போது எல்லாக் கிளப்பும் எல்லாக் கிளப்போடும் ஆடவில்லை. லங்காஷயர் கவுண்டி அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள், யார்க்‌ஷயர் அணிகள் தங்களுக்குள், நடுவில் எல்லை தாண்டி அங்கொன்று இங்கொன்று. ஓல்டாம் லங்காஷயர், ஹன்ஸ்லெட் யார்க்‌ஷயர். இரண்டு பேரும் எழுதிய பரீட்சையே வேறு வேறு கேள்வித்தாள். அதனால்தான் பட்டியலைப் புள்ளியில் போடாமல், ஆடிய ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய புள்ளியில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்று போட்டார்கள். 1905-06இல் லீ அணி மற்றவர்களைவிடக் குறைவான ஆட்டங்கள் ஆடி சதவீதத்தில் பட்டம் தட்டிக்கொண்டு போனது, ஊரே சிரித்தது. அதற்குப் பிறகுதான் 1906-07இல் முதல் நாலு இடத்துக்காரர்கள் மோதும் பிளேஆஃப் வந்தது. ஆக சாம்பியன் யார் என்பதை முடிவு செய்தது பட்டியல் இல்லை, இறுதி ஆட்டம். அந்த இறுதியில் ஓல்டாமைத்தான் சந்தித்தோம். சால்ஃபோர்டில் 7-7. மறு ஆட்டம் வேக்ஃபீல்டில், 12-2. அன்றைக்குக் கணக்கு ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) 3, கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது) எதுவானாலும் 2. உங்கள் முதலிட ஓல்டாமின் 2 புள்ளி என்றால் என்ன? ஒரே ஒரு கோல். பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டத்தில் ஒரு ட்ரைகூடப் போட முடியாத அணிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு எழுதினீர்கள், சந்தோஷம். முதலிடம் யார்?

பார்க்சைடு_பையன்:
ஓல்டாம். அதனால்?

கணக்குப்பிள்ளை:
அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையிலும் சேற்றிலும் ஆடி முதலில் வந்தவன் சும்மா, மே மாதம் இரண்டு சனிக்கிழமை நன்றாக ஆடியவன் மகத்தானவன். முதல் சனிக்கிழமை ஜெயிக்கக்கூட இல்லை, 7-7. இன்னொன்றும் சொல்கிறேன். நாலு கோப்பை என்கிறீர்களே, அதில் ஒன்று யார்க்‌ஷயர் லீக். அதற்குத் தனியாக ஆட்டம் நடந்ததா? சாம்பியன்ஷிப்புக்காக யார்க்‌ஷயர் அணிகளோடு ஆடிய அதே ஆட்டங்களைத்தான் இரண்டாம் தடவை எண்ணினார்கள். ஒரே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டு சட்டை என்கிற கதை.

மேற்கு_ரைடிங்:
அந்தச் சட்டைக் கதை ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் பொருந்தும் அண்ணே, கொஞ்சம் பார்த்து வீசுங்கள். எங்களுக்கும் அதே யார்க்‌ஷயர் லீக்தான்.

இலக்கணப்புலி:
முதலில் அந்த முதல் பதிவைத் திருத்தவும். 1907-08இல் ரக்பி லீக் என்று ஒன்று கிடையாது. அன்றைய பெயர் வடக்கு யூனியன். 1895 ஆகஸ்ட் 29இல் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தபோது வைத்த பெயர் அது, 1922இல்தான் ரக்பி லீக் ஆனது. இல்லாத ஒன்றின் மகத்தான சீசன் எது என்று பத்துப் பதிவு ஓடிவிட்டது.

பார்க்சைடு_பையன்:
பத்து இல்லை, உங்களுடையதோடு ஏழு. எண்ணுவதையும் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டீர்களா?

ஓரமா_நிக்கிறவன்:
ஒரு சின்ன சந்தேகம். மகத்தான சீசன் என்றால் என்ன அளவு? கோப்பை எண்ணிக்கையா, பட்டியலில் இடமா, எதிரணிகளின் பலமா? அதை முதலில் பேசி முடித்தால்...

கணக்குப்பிள்ளை:
அளவெல்லாம் அப்புறம். முதலிடம் ஓல்டாம்.

மேற்கு_ரைடிங்:
சரி, பெரியவர்கள் பேசட்டும். நான் இருப்பது ஹடர்ஸ்ஃபீல்டில், ஸ்டேஷனிலிருந்து பொடிநடை தூரம். இந்த ஆட்டம் பிறந்ததே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில்தான். வேலைக்குப் போகாமல் ஆட வரும் தொழிலாளிக்குப் போன கூலியை ஈடுகட்ட ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் பிரிந்து வந்தவர்கள் கூடிய இடம். அந்த ஊர் அணியை நடுவில் ஒரு கமாவுக்குள் போட்டுவிட்டுப் போகிறீர்கள். 1914-15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ஹல்லை 31-0. சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3. சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2. மூன்றையும் கூட்டினால் 103, விட்டது 5. லீக் ஆட்டங்கள் 34, தோற்றது இரண்டே இரண்டு. கேப்டன் ஹரால்ட் வாக்ஸ்டாஃப், விங்கில் சிட்னியிலிருந்து வந்த ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட், முன்வரிசையில் டக்ளஸ் கிளார்க், கோல் அடிக்க பென் குரோனோ. சகல திறமையும் சேர்ந்த அணி என்று ஊரே பட்டப்பெயர் வைத்தது. அதன் முன்னால் 7-7 ஆடிய அணியைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

பார்க்சைடு_பையன்:
1914-15 போர் வருடம். அதைச் சொல்ல ஏன் கூச்சம்? ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரக்பி யூனியன்காரர்கள் அந்த சீசனையே நிறுத்திவிட்டார்கள், வடக்கு யூனியன் மட்டும் ஓட்டியது. செயின்ட் ஹெலன்ஸ் ஆட்கள் இறுதி ஆட்டத்துக்குப் போகும்போதே போனஸ் பணம் கிடைக்கவில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடலாமா வேண்டாமா என்று இருந்தவர்கள்மேல் 37 போட்டுவிட்டு என்ன மார்தட்டல்? இன்னொன்று, உங்கள் சகல திறமை அணியில் ஜான் வில்லி ஹிக்சன் யார் தெரியுமா? ஹன்ஸ்லெட்டின் பயங்கர ஆறு பேர் என்று பெயர் எடுத்த முன்வரிசையில் ஒருவர். 1907-08இல் எங்களோடு நாலு, அப்புறம் உங்களோடு நாலு. இரண்டு கிளப்பில் இதைச் செய்த ஆள் வேறு கிடையாது. எங்கள் வீட்டு அம்மியை வாங்கிக்கொண்டு போய் அரைத்துவிட்டு, சட்னி எங்களுடையது என்கிறீர்கள்.

மேற்கு_ரைடிங்:
போர் வருடத்தைக் கேலி செய்யாதீர்கள். டக்ளஸ் கிளார்க் அந்தப் போரில் விஷவாயு பட்டவர், ராணுவப் பதக்கம் வாங்கியவர். ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916இல் திரும்பியே வரவில்லை.

பார்க்சைடு_பையன்:
யார் கேலி செய்தது? எதிரணி பலவீனம் என்றேன். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனித்தீர்களா, ஹடர்ஸ்ஃபீல்ட் பட்டியலில் முதலிடம். ஸ்விண்டன் முதலிடம். ஹன்ஸ்லெட்?

மேற்கு_ரைடிங்:
அண்ணே, நீங்கள் என் பக்கம் பேசுவது எனக்கே பயமாக இருக்கிறது. ரோசன்ஃபெல்டின் 80 ட்ரை 1911-12இல் என்று இதே இடத்தில் மூன்று நாள் சாதித்தவர் நீங்கள். 1911-12இல் 78. 80 போட்டது 1913-14இல். அந்தத் திரி இன்னும் இருக்கிறது, ஒப்புக்கொண்ட பதிவுதான் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அது தட்டச்சுப் பிழை.

மேற்கு_ரைடிங்:
பதினான்கு பதிவில் பதினான்கு தடவையுமா?

கணக்குப்பிள்ளை:
ஸ்டேஷன் வாசல் சிலையைப் பார்த்து "எங்கள் ஹரால்ட் வாக்ஸ்டாஃப், நடந்து வரும் தோரணையே தனி" என்று படம் போட்டவர் பேசுகிறார். அது பிரதமராக இருந்த ஹரால்ட் வில்சன் சார். ரக்பி ஆட்டக்காரர் ஏன் கோட்டு சூட்டோடு நிற்கிறார் என்றாவது யோசித்திருக்கலாம்.

மேற்கு_ரைடிங்:
அப்போது வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, பனி வேறு. அதை இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

மான்செஸ்டர்_மழை:
ஸ்விண்டனைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதலாமே. லங்காஷயர் கோப்பை இறுதி விகனோடு 5-2, சேலஞ்ச் கோப்பை இறுதி வாரிங்டனோடு 5-3, சாம்பியன்ஷிப் இறுதி ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸோடு 11-0. மூன்று இறுதியிலும் சேர்த்து விட்டது 5 புள்ளிதான், ஹடர்ஸ்ஃபீல்டுக்குச் சமம். அதுவும் போர் இல்லாத வருடம்.

பார்க்சைடு_பையன்:
5-2, 5-3. ஆட்டமா, வாய்க்கால் தகராறா?

இலக்கணப்புலி:
விகன் அல்ல, விகான். ஹடர்ஸ்ஃபீல்ட் அல்ல, ஹட்டர்ஸ்பீல்டு. கடைசியில் உகரம் இல்லாமல் தமிழில் சொல் நிற்காது.

மேற்கு_ரைடிங்:
இங்கே பஸ்ஸில் ஏறி நீங்கள் எழுதுகிற மாதிரி கேட்டுப் பாருங்கள், டிரைவர் வேறு ஊரில் இறக்கிவிடுவார். விகானும் கிடையாது.

பார்க்சைடு_பையன்:
சரி, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் படியுங்கள். ஹன்ஸ்லெட் லீட்ஸின் தெற்கே இருக்கும் இடம். ரயில் இன்ஜின் செய்த ஊர், கரி படிந்த ஊர். லீட்ஸில் படித்த காலத்தில் ஒருநாள் ஹன்ஸ்லெட்டின் பழைய பார்க்சைடு மைதானம் எங்கே என்று தேடிப் போனேன். 1973இலேயே அதை விட்டுவிட்டார்கள். கிடங்குகள், லாரிகள், தகரக் கூரை, ஒரு சுவரோரம் உடைந்த பலகை அடுக்கு. அரை மணி நேரம் நின்றேன். லாரி டிரைவர் ஒருவர் வழி தெரியவில்லையா என்று கேட்டார். இல்லை, இங்கே ஆல்பர்ட் கோல்ட்தார்ப் ஆடினார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லாரியை எடுத்தார். அந்த கோல்ட்தார்ப்புக்கு 1907-08இல் வயது 36. கேப்டன். ஒரே சீசனில் 100 கோலைத் தாண்டிய முதல் ஆள். ஓடுகிற ஓட்டத்தில் பந்தைக் கீழே விட்டு, மண்ணைத் தொட்டு எழும்போது உதைக்கிற டிராப் கோலுக்கு அவருக்கு மிஞ்சி அன்றைக்கு ஆள் இல்லை. அண்ணன் தம்பி ஐந்து பேரும் ஹன்ஸ்லெட்டுக்கு ஆடிய குடும்பம். பக்கத்தில் பில்லி பேட்டன். யார்க்‌ஷயர் கோப்பை இறுதியில் ஹாலிஃபாக்ஸை 17-0. ஏப்ரல் கடைசியில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஃபார்டவுன் மைதானத்தில் பனி கொட்டக் கொட்ட சேலஞ்ச் கோப்பை இறுதி, ஹல்லை 14-0. அது 17-0இன் தம்பி. அப்புறம்தான் ஓல்டாம். முக்கியமான ஒன்று, கவுண்டி லீகை 1907-08இல்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். நாலும் ஒரே வருடத்தில் கிடைக்கக்கூடிய முதல் சீசனே அது. கதவு திறந்த அன்றைக்கே உள்ளே போய் நாலையும் எடுத்து வந்தவர்கள் இவர்கள். மற்ற இரண்டு அணியும் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு செய்தவை.

கணக்குப்பிள்ளை:
நன்றாக எழுதுகிறீர்கள், லாரி டிரைவர் வரை வந்துவிட்டார். ஓல்டாம் மட்டும் வரவில்லை.

பார்க்சைடு_பையன்:
வந்தது! 12-2 என்று வந்தது! 1907, 1908, 1909 என்று வரிசையாக மூன்று இறுதியில் தோற்ற அணி அது. ஹாலிஃபாக்ஸிடம் 18-3, எங்களிடம், அப்புறம் விகனிடம் 7-3. மூன்று தடவையும் யாரும் ஏமாற்றவில்லை.

கணக்குப்பிள்ளை:
அடுத்த இரண்டு வருடமும் அதே ஓல்டாம் அதே விகனை இறுதியில் வென்று பட்டம் எடுத்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? பாதிக் கணக்கு சொல்வது உங்கள் வழக்கம். 1908இல் பட்டியலில் முதலிடம் யார் என்று மறுபடி கேட்கிறேன்.

இலக்கணப்புலி:
விகன் என்று மறுபடியும் இரண்டு பேர்.

ஓரமா_நிக்கிறவன்:
என் கேள்வி மேலே அப்படியே கிடக்கிறது. பரவாயில்லை. கால்பந்தில் லீகும் கோப்பையும் தனித்தனி, அதனால்தான் அங்கே இந்தச் சண்டை...

மேற்கு_ரைடிங்:
கால்பந்து ஆட்கள் வேறு திரிக்குப் போகவும். 1895-96இல் வடக்கு யூனியனின் முதல் பட்டத்தை வென்ற மேனிங்காமையே 1903இல் கால்பந்துக்கு இழுத்துக்கொண்டு போய் பிராட்ஃபோர்ட் சிட்டி ஆக்கியவர்கள் நீங்கள்.

ஓரமா_நிக்கிறவன்:
நானா?

மான்செஸ்டர்_மழை:
ஸ்விண்டன் பற்றி இரண்டாவது தடவை கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஸ்விண்டன் முதலிடம். நல்ல அணி. ஹன்ஸ்லெட் இரண்டாமிடம்.

பார்க்சைடு_பையன்:
நாளைக்கு 1907-08 சதவீதப் பட்டியலையும், எந்த அணி எந்த அணியோடு ஆடியது என்பதையும் முழுசாகப் போடுகிறேன். அப்போதும் இதையே கேட்டால் உங்களை என் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். முதல் வரியில் யார் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேற்கு_ரைடிங்:
அந்தச் சிலைப் படத்தை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
என்னிடம் இருக்கிறது. வேண்டுமா?