உபுண்டுவில் ஆறு வயசுப் பிள்ளைக்கு நாலெழுத்து பாஸ்வேர்டு வைக்க முடியுமா?

நெல்லைக்காரி:
வீட்டில் ஒரே ஒரு பழைய லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 6. இதுவரை ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். போன வாரம் அவள் டக்ஸ் பெயின்ட்டில் வரைந்து வைத்திருந்த படங்களை இவன் அழித்துவிட்டான். ராத்திரி சாப்பிடாமல் அழுதாள். அதனால் தனித்தனிக் கணக்கு போட்டேன். அவளுக்கு ‘மீன்’தான் பாஸ்வேர்டாம், அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் நாலெழுத்து. எம் எங்கே, ஈ எங்கே என்று ஒற்றை விரலால் தேடித் தட்டுகிற பிள்ளை, அதற்குமேல் நீளமாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் செட்டிங்ஸில் போட்டால் பலவீனமானது என்று சொல்லி மாற்றவே விடமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டே இல்லாமல் விடவும் இஷ்டமில்லை. தன் பெட்டிக்குத் தன் சாவி என்று அவளுக்கு ஒன்று வேண்டும்.

பனங்காடு:
அக்கா, அந்தத் திரை அட்மினுக்கும் மசியாது. உங்கள் கணக்கில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டுகிற ஜன்னலைத் திறங்கள். சூடோ (எஸ், யு, டி, ஓ; அட்மின் அதிகாரத்தில் செய் என்று அர்த்தம்), இடைவெளி, பாஸ்வேர்டு (நடுவில் ஓ, ஆர் ரெண்டையும் விட்டுவிடுங்கள்), இடைவெளி, பாப்பாவின் கணக்குப் பெயர். எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். முதலில் உங்கள் பாஸ்வேர்டு, பிறகு புதியது ரெண்டு தடவை. தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது, பயப்படாதீர்கள். ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு போடுவதால் ‘பேட் பாஸ்வேர்டு’ என்று முறைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். பாப்பா ஏற்கனவே உள்ளே போயிருந்தால் கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளின் பெட்டகம்) மட்டும் பழைய பாஸ்வேர்டைக் கேட்கலாம்.

கடலோரம்:
ரெண்டு பிள்ளைகளின் கணக்கும் அட்மினாக இல்லாமல் ஸ்டாண்டர்டாக இருக்கட்டும். பெரியவனுக்கு சூடோ இருந்தால் தங்கச்சியின் பாஸ்வேர்டு ஒரு தடையே இல்லை. உபுண்டு 21.04-லிருந்து புதுக் கணக்கின் ஹோம் ஃபோல்டரை மற்றவர்கள் திறக்க முடியாது, அது நல்லது. முக்கியமாக, வேறு கணினியிலிருந்து உள்ளே வர வழிவிடும் எஸ்எஸ்ஹெச் சர்வர் போட்டிருக்கிறீர்களா? இருந்தால் நாலெழுத்து ஆபத்து. அதன் கான்ஃபிக் ஃபைலில் ‘டினை யூசர்ஸ்’ என்று ஒரே சொல்லாக எழுதி, பக்கத்தில் பாப்பா கணக்கைச் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நெல்லைக்காரி:
எஸ்எஸ்ஹெச் போடவில்லை. பெரியவனின் பழைய கணக்கு அட்மினாக இருந்தது, நல்லவேளை சொன்னீர்கள், மாற்றிவிட்டேன். பனங்காடு தம்பி சொன்னபடியே ஏற்றுக்கொண்டது. முதல் தடவை கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை, பாப்பாவின் முகம் வாடிவிட்டது. அதை அணைத்துக் காட்டினேன். ரெண்டாவது தடவை உள்ளே போனதும் அண்ணனை அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, பச்சை மீன் ஒன்று வரைந்தாள்.